காற்றில் காய்ந்த மரமா, சூளையில் சீசனிங் செய்த மரமா?

வீடு கட்டுபவர்களும் மேசை, கட்டில் செய்யக் கொடுப்பவர்களும் மரக்கடையில் தடுமாறும் இடம் இது. சீசனிங் என்றால் மரத்தின் ஈரத்தை இறக்கிப் பக்குவப்படுத்துவது; சூளை என்பது அதற்குச் சூடேற்றும் அறை.

காலம்: காற்றில், ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு, நம் வெயிலில் மெல்லிய பலகை அதற்கு முன்பே தயாராகும். சூளையில் சில நாட்கள் முதல் சில வாரங்கள்.

செலவு: காற்றுக்கு நிழலும் இடமும் போதும். சூளைக்கு எரிபொருளும் மின்சாரமும் விலையில் ஏறும்.

ஈரம்: முக்கியமானது இதுதான். காற்றில் காயும் மரம் சுற்றுப்புற ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வந்ததும் நின்றுவிடும். கடலோர ஊர்களில் மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. சூளை 8 வரைகூட இறக்கும். ஏசி அறைக்குப் போகும் அலமாரியின் மூட்டு பிரியாமல் காப்பது அந்த வித்தியாசம்தான். ஆனால் அவசரமாகச் சூடேற்றினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். நீளவாக்கில் அறுக்கும்போது பலகை வளைந்து ரம்பத்தைக் கவ்வும். மோசமான சூளையைவிட நிதானமான காற்று எவ்வளவோ மேல்.

பூச்சி: சூளை வெப்பம் புழுவையும் முட்டையையும் கொல்லும். காற்றுக்கு அந்த வலு இல்லை. அதனால்தான் ரப்பர் மரத்தை அறுத்ததும் மருந்தேற்றிச் சூளைக்கு அனுப்புகிறார்கள்.

வாசல் நிலை, கூரை உத்தரம் போன்ற கனமான தேக்குக்குக் காற்றே போதும். மேசை, அலமாரி, மரத்தளம் என்றால் சூளை மரம் வாங்குங்கள். எதுவானாலும், ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.