குடும்ப மரச் செயலி: பல வருடப் பாவனைக்குப் பிறகு

சந்தா விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கனடாவிலிருந்து மச்சாள் கேட்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே பூட்டனின் வழி. திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்த அவரைத் தேடத்தான் இந்தச் செயலியை வாங்கினேன். இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை இது.

மரம் வரைவதில் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை மச்சான்–மச்சாள் கல்யாணம். ஒரே ஆள் தாய் வழியிலும் வருவார், தகப்பன் வழியிலும் வருவார். செயலி அதைக் குழப்பாமல் ஒருவராகவே காட்டுகிறது. பத்திரப் படங்களை அவரவர் பெயரோடு சேர்த்து வைக்கலாம். இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் வரும். குடும்பப்பெயர்ப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? கந்தையா சின்னத்தம்பியின் மகன் சின்னத்தம்பி ஆறுமுகம். செயலியின் கணக்கில் தகப்பனும் மகனும் வேறு வேறு குடும்பம். ஆனால் ஆறுமுகம் என்பதையே குடும்பப்பெயராகக் கொண்ட தென்னாபிரிக்கர்களை உறவென்று கொண்டுவந்து நிறுத்தும். மரங்களை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 1980களிலிருந்து புழங்கும் ஜெட்கொம் வடிவத்தில் குடும்பப்பெயரை இரண்டு சாய்கோடுகளுக்குள் எழுதுவார்கள். இல்லாதவருக்கு அதை விட்டுவிடலாம். கோப்பு ஏற்றுக்கொள்வதை இந்தப் பெட்டி ஏன் ஏற்கக்கூடாது?

தேடலும் அப்படித்தான். ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் கந்தையா ஓரிடத்தில் 'கே'யில் தொடங்குவார், இன்னோரிடத்தில் 'சி'யில். ஒலியை வைத்துத் தேடும் வசதி, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையில் ஓடுகிறது. நடுவெழுத்துகள் கொஞ்சம் மாறினால் சமாளிக்கும். முதலெழுத்தை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு கந்தையாக்களையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். பர்மாவில் இறந்து 1852இல் இங்கே திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்ட கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டினின் பெயரைப் போட்டால் அவருடைய பரம்பரையே வந்து நிற்கிறது. அதே துறைமுகத்தில் உழைத்த எங்கள் பூட்டனுக்கு ஒரு வரி இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

அவரைக் கண்டுபிடித்துத் தந்தது ஒரு காணி உறுதி. பதிவுகள் உதவவில்லை என்றில்லை. 1867ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்களை ஓரளவு பிடிக்கலாம். இடம்தான் மாறிப்போயிருக்கும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சில் ஊர் கலைந்ததால், அந்த வருடம் பிறந்த பெரியம்மாவின் பதிவு மூதூரில் கிடைத்தது. உறுதியில் அப்படி அலைச்சல் இல்லை. பூட்டியின் சீதன வளவுக்கு நொத்தாரிசு நாலு எல்லையும் எழுதியிருக்கிறார். வடக்கே ஒரு பெண்ணின் சீதனம், கிழக்கே இன்னொரு பெண்ணின் சீதனம், எல்லாம் ஒரே தகப்பன் பிரித்துக் கொடுத்தது. எல்லைக்காரர் என்று வாசித்துக்கொண்டு போனவர்கள் பூட்டியின் சகோதரிகள்! யாரும் சொல்லியிராத இரண்டு பேர். அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இந்த எல்லைகளை எழுதச் செயலியில் இடமில்லை, குறிப்புப் பெட்டியில்தான் தட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் தலைமுறைகள் ஒழுங்காக இருப்பது இன்றைக்கும் இந்தச் செயலிக்குள்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் மச்சாள், நீங்கள் வாங்க வேண்டாம். பூட்டனுக்கு இல்லாத ஒரு பெயரை அவர்மேல் ஒட்டச் சொல்லும் பெட்டிக்கு இனியும் காசு கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தக் காசில் உங்கள் அம்மம்மாவின் சீதன உறுதிக்குப் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கத்தை அனுப்புங்கள், காணிப் பதிவகத்துக்கு நானே போகிறேன்.