பழைய கணினிக்குப் புது பவர் சப்ளை: கிட்டத்தட்ட மூன்று ஆண்டு அனுபவம்

2016-இல் வாங்கிய என் மேசைக் கணினி இன்னும் ஓடுகிறது. ஐ5-6500 பிராசஸர். வார இறுதிகளில் கல்யாணம், கோயில் விழா வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பேன். அதற்காக 2022 கடைசியில் பழைய பொருள்களை வாங்கி விற்கும் கரோசல் செயலியில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டைப் பழையதாக வாங்கிப் பொருத்தினேன். கணினிப் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையை மட்டும் மாற்றவில்லை. அதன் பக்கவாட்டில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. போதும் என்று நம்பிவிட்டேன்.

அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி வீடியோ எடுத்துக் கொடுத்தேன். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியெடுப்பது) போட்டுப் பத்து நிமிடத்தில் திரை கறுத்து, கணினி தானாக மறுபடி எழும்பும். எடிட் செய்யும்போது ஒன்றும் ஆகாது, ரெண்டரில் மட்டும்தான். ராமைக் கழற்றி மாட்டினேன், தெர்மல் பேஸ்ட் பூசினேன், விண்டோஸைக்கூட மறுபடி நிறுவினேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல்-பவர் 41' என்று மட்டும் இருந்தது. கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மூன்று இரவு தூக்கம் போனது.

வேலையிடத்தில் மின்சாதனம் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் புலம்பியபோது, "மொத்த வாட்டைப் பாக்காத தம்பி, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாரு" என்றார். பார்த்தேன். 18 ஆம்பியர். அதை 12-ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டுக்கு 170, பிராசஸருக்கு 65 என்று வைத்தாலே 235 வந்துவிடுகிறது. மீதி வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட்டில் காட்டிய கணக்கு. இன்றைய கார்டும் பிராசஸரும் தின்பது 12 வோல்ட்டைத்தான்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது அடாப்டர். பழைய பவர் சப்ளையில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8-பின் இணைப்பே இல்லாததால், ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பிளக்கிலிருந்து 8-பின்னுக்கு மாற்றும் மலிவான ஒயர் போட்டிருந்தேன். ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். 8-பின் இணைப்போ 150 வாட் வரை எடுக்கக்கூடியது. கழற்றிப் பார்த்தால் பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது. வீட்டில் பிள்ளைகள் தூங்கும் அறை அது. தயவுசெய்து யாரும் அந்த ஒயரை வாங்காதீர்கள்.

சரி, புதிது எது? 3060-க்கு அதன் சிப்பை வடிவமைத்த என்விடியா நிறுவனமே 550 வாட் பரிந்துரைக்கிறது. கார்டு மில்லிசெகண்ட் நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும் என்பதால் இந்த இடைவெளி. சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்துபோய் சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் 650 வாங்கினேன். நூற்று சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கார்டுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், 10 ஆண்டு உத்தரவாதம், நீளம் 14 சென்டிமீட்டர். பழைய பெட்டியில் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து ஒருமுறைகூட நடுவில் நின்றதில்லை. சுவர் பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 55 வாட், ரெண்டரில் 280 பக்கம். பாதிக்கும் குறைவான சுமை என்பதால் விசிறி பெரும்பாலும் சுற்றுவதே இல்லை. ஏர்கான் போடாத மதியத்தில் மட்டும் லேசாகக் கேட்கும். நம் ஊர் வெக்கையில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் மலிவான கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால், நல்ல பாகங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. குறை என்றால் கேபிள்கள்தான். விறைப்பாக இருப்பதால் பழைய பெட்டிக்குள் மடக்குவதற்குள் விரல் வலித்துவிட்டது.

இன்னொன்று. பழைய பவர் சப்ளையோடு வந்த, கழற்றி மாட்டும் கேபிள்களைப் புது பவர் சப்ளையில் மாட்டிவிடாதீர்கள். பிளக் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நண்பர் ஒருவர் இப்படி மாட்டி, ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகத்தைக் குடும்பப் படங்களோடு இழந்தார். அப்புறம், பழையதைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

இப்போது மகன் ஆர்டிஎக்ஸ் 4070 கேட்கிறான். அது 200 வாட், என்விடியா சொல்வது 650. இந்த பவர் சப்ளையே போதும். முதலில் பிராசஸரைத்தான் மாற்ற வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.