விலை கூடிய புட்டி, விலை குறைந்த புட்டி: ஆறு வருட வைட்டமின் அனுபவம்

ஆறு வருடமாக வைட்டமின் மாத்திரை போட்டு வருகிறேன். முதல் இரண்டு வருடம் விலை கூடிய பிராண்டு. அடுத்த இரண்டு வருடம், கண்ணில் பட்டதில் எது மலிவோ அது. கடைசி இரண்டு வருடமாக இரண்டும் கலந்து. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதல் முடிவைப் பயம் எடுத்தது, இரண்டாவதைக் கோபம் எடுத்தது. மூன்றாவதை மட்டும்தான் நான் எடுத்தேன் என்று சொல்லலாம்.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. வைட்டமின் டி 11 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவான கணக்கு. பி12-உம் எல்லைக்குக் கீழே இருந்தது. டாக்டர் இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, "எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்லை, விடாம போடுங்க" என்றார். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லையா? உடம்புக்குள் போகிற பொருளாயிற்றே! அதில் போய் மிச்சம் பிடிப்பதா என்று நினைத்து, மேல் தட்டில் இருந்த கனமான கண்ணாடிப் புட்டிகளை வாங்கி வந்தேன். இரண்டு போதும் என்று டாக்டர் சொல்லியிருக்க, முடி, தோல், நகத்துக்கென்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். அந்த மூன்றாவது புட்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போதே ஒரு தவறு. ஒரு டப்பாவில் வைட்டமின் டி 50 என்று இருந்தது, இன்னொன்றில் 2000. இரண்டாவதுதான் வலுவானது என்று எடுத்தேன். முதலாவது மைக்ரோகிராம், இரண்டாவது ஐ.யு. என்ற அலகு. வைட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராம் என்றால் 40 ஐ.யு., ஆகவே இரண்டும் ஒரே அளவு. இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் டி 15-ஐத் தாண்டவில்லை. இவ்வளவு விலை கொடுத்தும் இதுதானா என்று நொந்துபோய் டாக்டரிடம் போனேன். அவர் பிராண்டின் பெயரைக் கேட்கவே இல்லை. எப்போது போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், கறுப்புக் காப்பியோடு போட்டுக்கொண்டிருந்தேன். டி கொழுப்பில் கரைகிற வைட்டமின், கொஞ்சமாவது கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு போனால்தான் நன்றாக உள்ளே ஏறும். அதே புட்டியை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றினேன். அடுத்த பரிசோதனையில் 27. பின்னால் மலிவு டப்பாவுக்கு மாறிய இரண்டு வருடமும் 30-ஐ ஒட்டியே நின்றது. இரண்டிலும் உள்ளே இருந்தது கொலிகால்சிஃபெரால், அதாவது டி3. பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தில் இருக்கும் லானோலின் என்ற மெழுகிலிருந்து தயாராவது அது. கண்ணாடிப் புட்டிக்குள் போனாலும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போனாலும் அதே சரக்குதான்.

பி12-இல் வேறு கதை. விலை கூடியதில் மீதைல்கோபாலமின், மலிவில் சயனோகோபாலமின். 'சயனோ' என்றதும் சயனைடு நினைவுக்கு வந்து எனக்கும் கை பின்வாங்கியது. அதில் இருக்கும் அளவு மிகச் சொற்பம், பெரும்பாலானோர் பொருட்படுத்தத் தேவையில்லாதது. இரண்டில் எதைப் போட்டாலும் உடம்பு அதை உடைத்துத் தனக்கு வேண்டிய வடிவமாக மாற்றிக்கொள்கிறது. போதாததற்கு சயனோ சீக்கிரம் கெடாது. இன்னொரு சந்தேகமும் வெகுநாள் இருந்தது: ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான் என்கிறார்கள், மாத்திரையில் ஏன் 1000? வயிற்றில் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம்தான் பி12-ஐக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகிறது. அந்தப் புரதத்தால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான் சமாளிக்க முடியும். மீதியில் நூற்றில் ஒரு பங்கு போலத் தானாகக் கசிந்து போகும். 1000-இல் அது 10. பற்றாக்குறையைச் சரிக்கட்ட அதுவே போதும். 5000 என்று கொட்டை எழுத்தில் போட்டதற்காக நான் கூடுதல் காசு கொடுத்த நாட்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி அந்த மூன்றாவது புட்டி. அதில் பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு என்று சொல்லப்படுவது 30. இரண்டாம் வருட முடிவில் வழக்கமான பரிசோதனையில் தைராய்டு கணக்கு தாறுமாறாக வந்தது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் ஏறக்குறைய ஒன்றுமில்லை, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் எகிறியிருந்தது. படிக்கத் தெரிந்த யாரும் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் சொல்வார்கள். எனக்கோ படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுங்கவில்லை. ஸ்கேன் வரைக்கும் பேச்சுப் போனது. அப்புறம் டாக்டர், வீட்டில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது புட்டியைக் கையில் எடுத்தவர் லேபிளைப் பார்த்ததும் ஸ்கேன் பேச்சை நிறுத்திவிட்டார்.

காரணம் எளியது. பல ஆய்வகப் பரிசோதனைகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் குணத்தை வைத்துத்தான் நடக்கின்றன. நம் ரத்தத்திலேயே பயோட்டின் ஏராளமாக மிதந்தால், ஒட்ட வேண்டிய இடத்தை அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். டி.எஸ்.எச். போன்றவை பொய்யாகக் குறைந்து தெரியும், டி4 போன்றவை பொய்யாகக் கூடித் தெரியும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையும் இப்படிப் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்திருக்கிறது. இதைப் படித்தபோதுதான் உண்மையில் பயந்தேன். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. என் தலைமுடி, புட்டிக்கு முன்பும் பின்பும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் மலிவுக்குத் தாவினேன். அங்கேயும் அடி வாங்கினேன்.

எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையைப் பல வருடம் போட்டிருக்கிறேன். அந்த வகை மருந்தை நீண்ட நாள் போட்டால் பி12-உம் மக்னீசியமும் குறையலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. உணவில் இருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். மாத்திரையில் அது ஏற்கெனவே பிரிந்தே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. மக்னீசியமும் குறைவு என்று தெரிந்ததும், இருப்பதில் மலிவானதை வாங்கினேன். லேபிளில் எண் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் முதல் கழிவறைக்கும் எனக்கும் நெருக்கம் கூடிவிட்டது.

அதில் இருந்தது மக்னீசியம் ஆக்ஸைடு. எடையில் 60 சதவீதம் மக்னீசியமே என்பதால் சின்ன மாத்திரையில் பெரிய எண்ணை அடைக்கலாம். ஆனால் அது சரியாகக் கரையாது, குறைவாகத்தான் உள்ளே போகும். மீதி குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும். மலமிளக்கியாகவே அதை விற்பதும் உண்டு. மக்னீசியம் சிட்ரேட்டில் 16 சதவீதம் போலத்தான் மக்னீசியம். அதனால் மாத்திரை பெரிது, எண்ணிக்கை அதிகம், விலையும் கூட. ஆனால் நன்றாகக் கரைகிறது. சிட்ரேட்டுக்கு மாறியபின் வயிறும் அடங்கியது, ரத்தத்தில் அளவும் ஏறியது. என் ஆறு வருடத்தில் கூடுதல் காசு கூடுதல் பலன் தந்தது இந்த ஓர் இடத்தில்தான்.

இல்லை, கால்சியத்தையும் சேர்க்க வேண்டும். மலிவானது கால்சியம் கார்பனேட், எடையில் 40 சதவீதம் கால்சியம். ஒரு நாள் ஆர்வக்கோளாறில் மாத்திரையை வினிகரில் போட்டு, அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் பார்த்தேன். நுரைத்துக் கரைந்துவிட்டது. மலிவு டப்பா தேறிவிட்டது என்று குடும்பத்தில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், வினிகர் அமிலம். என் வயிற்றிலோ தினமும் மருந்து போட்டு அமிலத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். இது எனக்கு உறைக்கவே இல்லை, டாக்டர்தான் சொன்னார். எனக்கு சிட்ரேட்தான் சரி. அமிலம் நன்றாகச் சுரப்பவர் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டு காசை மிச்சப்படுத்தலாம்.

'இயற்கையானது' என்று எழுதி விலையை ஏற்றுவதையும் சொல்ல வேண்டும். வைட்டமின் சி எதிலிருந்து வந்தாலும் அதே அஸ்கார்பிக் அமிலம்தான், மூலக்கூறில் வித்தியாசம் இல்லை. வைட்டமின் ஈ மட்டும் விதிவிலக்கு: 'டி-ஆல்ஃபா' என்று தொடங்கும் இயற்கை வடிவம், 'டிஎல்-ஆல்ஃபா' என்ற செயற்கை வடிவத்தைவிட எடைக்கு எடை வலுவானது. ஆனால் ஈ மாத்திரை எனக்குத் தேவையே இல்லை என்பதால் அந்த அறிவு வீண்.

விலை கூடிய நரம்புச் சத்து கேப்சூல் ஒன்றும் இடையில் வந்து போனது. அதில் பி6 அதிகம், கூடவே போட்ட மல்டிவைட்டமினிலும் பி6. நீண்ட நாள் அளவு மீறினால் அந்த பி6 தானே நரம்பைப் பாதித்துக் கை காலை மரத்துப்போக வைக்கும். எந்தக் குறைக்கு விற்கிறார்களோ அந்தக் குறையையே கொண்டுவரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. என் இரண்டு டப்பாவையும் கூட்டினால் அதைத் தாண்டியது. இரண்டையும் அன்றே நிறுத்தினேன்.

பெரிய டப்பா வாங்கினால் மாத்திரைக்கு விலை குறையும் என்பதும் எப்போதும் லாபமில்லை. ஒரு முறை 365 மாத்திரை கொண்ட வைட்டமின் சி வாங்கினேன். குளியலறை அலமாரியில் வைத்ததில், ஈரம் ஏறி, பாதி டப்பா பழுப்புப் புள்ளிகளோடு குப்பைக்குப் போனது.

இப்போது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். எந்த வேதி வடிவம், ஒரு வேளை என்பது ஒரு மாத்திரையா மூன்றா என்று பார்ப்பேன். பல சரக்கைக் கலந்து 'எங்கள் பிரத்யேகக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுவேன். யு.எஸ்.பி. போன்ற வெளி அமைப்பின் சோதனை முத்திரை இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயங்குவதில்லை. லேபிளில் சொன்ன அளவு உள்ளே இருக்கிறது, மாத்திரை கரைகிறது, கேடான கலப்படம் வரம்பை மீறவில்லை என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. அது எனக்குத் தேவையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

இன்றைக்கு என் அலமாரியில் நான்கே டப்பாக்கள். டி3-யும் பி12-உம் மலிவு, மக்னீசியமும் கால்சியமும் சிட்ரேட், விலை கூடியவை. நெஞ்செரிச்சல் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது நின்றுவிட்டால் கால்சியத்தில் மறுபடி கார்பனேட்டுக்குப் போய்விடுவேன். மக்னீசியம் ஆக்ஸைடு பக்கம் மட்டும் திரும்பமாட்டேன்.