பத்தாயிரம் பார்வையா, பத்து விசாரிப்பா?

இணையத்தில் ஓவியம் விற்பவர்கள் மத்தியில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. "முதலில் நாலு பேர் கண்ணில் படட்டும், விற்பனை தானாக வரும்" என்பது ஒரு கட்சி. "வியூஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு பெயின்ட் டியூப்கூடக் கிடைக்காது" என்பது எதிர்க்கட்சி. விற்றவர்கள், விற்காதவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அதனால் பொத்தாம்பொதுவாகத் தீர்ப்பு சொல்லாமல், என்ன விற்கிறோம் என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பிரதி உள்ள ஒரிஜினலை விற்பவருக்குப் பார்வை எண்ணிக்கை ஏறக்குறைய உதவாத எண். பிரிண்ட் விற்பவருக்கு ஓரளவு உதவும். வரையக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவருக்கோ பிழைப்பே அதில்தான்.

எண் ஒன்று, அளவு பல

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு தளமும் பார்வையை ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஃபேஸ்புக் வீடியோவுக்கு 3 நொடி என்பது பல காலமாக இருந்த அளவுகோல். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை; எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற நிபந்தனை கிடையாது, திரும்ப ஓடினால் அதுவும் சேரும். இன்ஸ்டாகிராம் 2024-இல் ரீல்ஸ், படம், ஸ்டோரி எல்லாவற்றுக்கும் பார்வையையே முதன்மை எண்ணாக்கியது. ஒரே ஆள் நாலு முறை பார்த்தால் அங்கே நாலு பார்வை. கைவினைப் பொருள்கள் விற்கும் இணையச் சந்தையான எட்ஸியில் கடைக்காரர் பார்க்கும் புள்ளிவிவரத்தில் வருகை வேறு, பக்கப் பார்வை வேறு.

ஆகவே, "ஷார்ட்ஸில் ஐம்பதாயிரம் போனது, எட்ஸியில் ஐந்நூறுதான்" என்று ஒருவர் வருந்தினால் அவர் இரண்டு வேறு பொருள்களை ஒரே தராசில் வைத்திருக்கிறார். ஷார்ட்ஸில் வந்த ஐம்பதாயிரமும் விரல் தள்ளிக்கொண்டு போகும் வழியில் விழுந்தவை. எட்ஸியில் வந்தவர் வாங்குகிற எண்ணத்தோடு எதையோ தேடித் தட்டச்சு செய்து, பல படங்களுக்கு நடுவே உங்களுடையதைத் தொட்டுத் திறந்தவர். அந்த ஐந்நூறைத்தான் நான் மதிப்பேன்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்த ஆய்வு 2001-இல் வெளியானது. சராசரி 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஓவியம் பார்ப்பதற்கென்றே போனவர்களின் கணக்கு இது. கைபேசியில் ஓடும் படத்துக்குக் கிடைப்பது எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பேங்க்ஸியும் பீப்பிளும்

கண்கள் நிறைய இருந்தும் விற்காத கதைக்கு 2013 அக்டோபர் 13 நல்ல சாட்சி. நியூயார்க் சென்ட்ரல் பூங்கா ஓரத்தில் ஒரு கடை. முகம் காட்டாத பிரிட்டிஷ் தெருவோவியர் பேங்க்ஸி கையெழுத்திட்ட அசல் கேன்வாஸ்கள், ஒன்று 60 டாலர். யார் வரைந்தது என்ற அறிவிப்பு இல்லை. நாள் முழுக்க ஆட்கள் கடந்துபோன இடத்தில் மொத்த வசூல் 420 டாலர். அதிலும் முதல் வாடிக்கையாளர் பேரம் பேசிப் பாதி விலைக்கு இரண்டை வாங்கிப் போனார். அடுத்த ஆண்டே அந்தக் கடையில் வாங்கிய படங்கள் ஏலத்தில் பல மடங்கு விலைக்குப் போயின. படம் மாறவில்லை. யாருடையது என்று தெரிந்து பார்த்தவர்கள் மாறினார்கள்.

பார்வைக் கட்சிக்காரர்கள் இதற்குப் பதிலாக அமெரிக்க டிஜிட்டல் ஓவியர் பீப்பிளைக் காட்டுவார்கள். 2007 மே 1 முதல் நாள் தவறாமல் ஒரு படம் என்று இணையத்தில் போட்டுவந்தவர். இன்ஸ்டாகிராமில் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். 2021 மார்ச்சில் அவருடைய முதல் 5000 நாள் படங்களின் தொகுப்பு கிறிஸ்டிஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்கு விற்றது. "பார்த்தீர்களா, ஆடியன்ஸ் இருந்ததால்தானே!"

அந்தக் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 2020 அக்டோபர் வரை அவர் ஒரு பிரிண்டை 100 டாலருக்கு மேல் விற்றதில்லை. பதின்மூன்று ஆண்டுப் பார்வைகள் அத்தனையும் கையில் இருந்தபோது நிலவரம் அதுதான். டிஜிட்டல் படைப்புக்கு உரிமைச் சான்று தரும் என்எஃப்டி என்ற புதிய விற்பனை முறையும், பழைய ஏல நிறுவனத்தின் முத்திரையும், கிரிப்டோ பணமும் ஒன்றுசேர்ந்த பிறகே விலை எகிறியது. ஏலத்தின் கடைசி நிமிடங்களை இணையத்தில் பார்த்தவர்கள் 2.2 கோடிப் பேர் என்றது கிறிஸ்டிஸ். ஏலம் கேட்டவர்கள் 33 பேர். வாங்கியவர் ஒருவர்: மெட்டாகோவன் என்ற பெயரில் இயங்கிய விக்னேஷ் சுந்தரேசன். அவரும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து திடீரென்று முளைத்தவர் இல்லை. 2020 டிசம்பரிலேயே பீப்பிளின் இருபது படைப்புகளை வாங்கி, அவற்றை வைத்து ஒரு கிரிப்டோ டோக்கனும் வெளியிட்டிருந்த தரப்பு அது. (பீப்பிள் பெயர் பெரிதாவதில் அவருக்கும் ஆதாயம் இருந்தது என்பதால் இந்த விலையைச் சாதாரணச் சந்தை விலையாகவே எடுத்துக்கொள்ள முடியாது.) கடைசியில் காசு கொடுத்தவர் ஏற்கெனவே வாங்கியிருந்த வாடிக்கையாளர். பார்வைக் கட்சிக்குப் பிடித்தமான இந்த உதாரணம் உண்மையில் எதிர்க்கட்சிக்குத்தான் அதிகம் உதவுகிறது.

ஒரிஜினலுக்கு ஒருவர், பிரிண்டுக்கு நூறு பேர்

கணக்குக்காக ஒரு விகிதம் வைத்துக்கொள்வோம். படம் கண்ணில் படும் நூறு பேரில் ஒருவர் கடைப் பக்கம் வருகிறார். வரும் நூறு பேரில் ஒருவர் வாங்குகிறார். பத்தாயிரம் பார்வைக்கு ஒரு விற்பனை. இருநூறு பிரிண்ட் விற்க இருபது லட்சம் பார்வை வேண்டும். விகிதம் கூடலாம், குறையலாம். ஆனால் பிரிண்ட் வியாபாரத்தில் பார்வை ஏறினால் விற்பனையும் ஏற வழி இருக்கிறது. விலை குறைவு, முடிவெடுக்க யோசனை அதிகம் தேவையில்லை, பிடிக்காவிட்டால் பெரிய நட்டமும் இல்லை.

ஒரிஜினலில் இந்த நேர்க்கோடு அறுந்துவிடும். ஆளுயரக் கேன்வாஸை வாங்குபவர் சுவரை அளக்க வேண்டும், வீட்டில் பேச வேண்டும், வண்ணம் நேரில் எப்படி இருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும், அனுப்பும்போது சேதமானால் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். இத்தனையும் கடந்து வரும் ஒருவர் போதும். இரண்டாமவருக்குக் கொடுக்க உங்களிடம் படமே கிடையாது. அங்கே பத்தாயிரம் பார்வை ஒரு லட்சமானால் கூடுவது பெரும்பாலும் "அருமை" என்ற பின்னூட்டங்கள்தான். விலை, அளவு, எதில் வரைந்தது, ஃபிரேம் உண்டா, எப்படி அனுப்புவீர்கள் ஆகிய ஐந்தையும் படத்தோடு சேர்த்து எழுதிப் போட்டால் பார்வை குறையலாம், விசாரிப்பு கூடும். விலையை மறைத்து "டி.எம். பண்ணுங்க" என்று எழுதுபவர்கள் கூச்சப்படும் வாங்குபவர்களைத் தாங்களே விரட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

யார் பார்க்கிறார்கள்?

இந்த அலசலில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான். வெற்றுக் கேன்வாஸ் முப்பது நொடியில் ஓவியமாக மாறும் வேக வீடியோக்கள் பார்வையை அள்ளும். எந்தப் பிரஷ், எந்தக் கலவை, தவறை எப்படித் திருத்தினார் என்ற வீடியோக்களும் அப்படியே. அவற்றைச் சேமித்து வைப்பவர்கள், பகிர்பவர்கள், கேள்வி கேட்பவர்கள் யார்? பெரும்பாலும் வரைகிறவர்கள். சக ஓவியர்கள், மாணவர்கள், வரையத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள். அவர்களுக்கு உங்கள் ஓவியம் வேண்டாம். உங்கள் கை வேண்டும். அவர்களிடம் கேன்வாஸ் விற்க முயல்வது சமையல்காரர்களைக் கூட்டிவைத்துச் சாப்பாடு விற்பது போல.

அவர்களிடம் விற்க வேறு சரக்கு இருக்கிறது: பயிற்சி வகுப்பு, டிஜிட்டல் பிரஷ் தொகுப்பு, பேட்ரியான் (ரசிகர்கள் மாதாமாதம் பணம் தரும் தளம்) சந்தா. இவற்றைப் பொறுத்தவரை முதல் கட்சி சொல்வது முழுக்கச் சரி; பார்வை ஏற ஏற வருமானம் ஏறும். சிக்கல் எங்கே என்றால், வகுப்பு நடத்தும் எண்ணமே இல்லாதவர் இந்த வீடியோக்களின் எண்ணிக்கையில் மயங்கி, ஓவியத்துக்குச் செலவிட வேண்டிய மாலை நேரத்தை எடிட்டிங்கில் கழிப்பது. நாளடைவில் எந்த நிறம் திரையில் பளிச்சென்று தெரியும், எது பத்து நொடிக்குள் புரியும் என்று பார்த்தே வரையத் தொடங்கிவிடுவார். சுவரில் பல வருடம் தொங்க வேண்டிய படத்துக்கு இது நல்ல அளவுகோல் இல்லை.

ஊட்டமும் பட்டியலும்

அல்காரிதம் ஓட்டும் ஊட்டத்துக்கு (ஃபீட்) நேர் எதிரே நிற்பது மின்னஞ்சல் பட்டியல். முந்நூறு பேர் இருந்தால்கூட அது பெரிய சொத்து. ஊட்டம் பத்தாயிரம் புதியவர்களுக்கு ஒருமுறை காட்டும். பட்டியல் அதே முந்நூறு பேருக்கு மாதா மாதம் காட்டும். இந்த மறுபடி மறுபடி என்பதற்கு ஆதாரம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கட்டிங் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களை வகுப்பில் இடையிடையே காட்டிவந்தார். அதிகம் கண்ணில் பட்டவை, அவ்வளவாகப் பிரபலமில்லாதவையாக இருந்தும், மாணவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்துப்போயின. பத்தாண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் தரமில்லாதவை என்று தாங்கள் கருதிய ஓவியங்களை வைத்துச் செய்தபோது தலைகீழாக நடந்தது: பார்க்கப் பார்க்கப் பிடித்தம் குறைந்தது. ஆகப் பட்டியல் மந்திரக்கோல் கிடையாது. சரக்கு சுமாராக இருந்தால் அது இன்னும் சீக்கிரம் அம்பலமாகும்.

பார்வை எண்ணை விட மாட்டேன் என்பவருக்கு ஒரு வழி சொல்கிறேன். மொத்தப் பார்வையை, சென்றடைந்த கணக்குகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் எல்லாரும் கடந்துபோகிறார்கள். இரண்டு, மூன்று என்று வந்தால் யாரோ திரும்பி வந்து பார்க்கிறார்கள் என்று பொருள். வெறும் மொத்தத்தை விட இந்த விகிதம் உருப்படியானது.

எண்ணை வெளியே காட்டலாமா?

எண் விற்காது, ஆனால் எண்ணைப் பார்த்து அடுத்தவர் மனம் மாறும். பாடல்களை வைத்து சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள், 14,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண் தெரிந்த இடங்களில், முன்னால் இருப்பது மேலும் முன்னால் போனது. அதோடு எது முன்னால் போகும் என்பது பங்கேற்பாளர்களின் ஒவ்வொரு பிரிவிலும் வேறு வேறாக இருந்தது. மிக நல்லவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே ஜெயித்தன, நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். அப்படியென்றால் பெரிய எண் ஒரு விளம்பரப் பலகைதான், ஆனால் அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. இதில் நஷ்டம் சிறிய எண் உள்ளவருக்கு: அதிக விலை போட்ட ஓவியத்தின் அருகில் "23 பார்வைகள்" என்று நின்றால் வாங்க வந்தவரும் தயங்குவார். சொந்தத் தளத்தில் பார்வை எண்ணியைக் கழற்றிவிடுங்கள். காசு கொடுத்துப் பார்வை வாங்கும் வேலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்; பாட்களுக்கு (தானியங்கி நிரல்களுக்கு) சுவர் கிடையாது.

கேலரி வழி இன்னொரு உலகம். ஏறக்குறைய ஐந்து லட்சம் கலைஞர்களின் 1980 முதல் 2016 வரையிலான கண்காட்சி வரலாற்றை அலசிய 2018-ஆம் ஆண்டு ஆய்வு, தொடக்கக் கண்காட்சிகள் எந்த இடங்களில் நடந்தன என்பது பின்னாளைய வாழ்க்கையைப் பெருமளவு தீர்மானிப்பதாகக் கண்டது. நியாயமா என்பது வேறு விஷயம். அங்கே செலாவணி, யார் உங்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பது. அதற்கு விலையும் உண்டு: பாதிக்குப் பாதி கமிஷன் அங்கே சர்வசாதாரணம். எட்ஸியோ பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம் எடுக்கும். கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்.

ஒரு விதிவிலக்கு பாக்கி இருக்கிறது. நிறுவனங்களுக்கு வரைந்து கொடுக்கும் வேலையில் பார்வை எண் நேரடியாகப் பேசும். பானத்தின் டப்பாவுக்குப் படம் கேட்கும் விளம்பரப் பிரிவு, வரைபவரோடு சேர்த்து அவர் பின்னால் இருக்கும் கூட்டத்தையும் வாங்குகிறது; சென்ற மூன்று மாத எண்ணிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த வேலைக்குப் போகிறவர் எண்ணை வளர்க்கட்டும், விலைச்சீட்டில் வரைவதற்கு ஒரு தொகை, தன் கணக்கில் பதிவிடுவதற்குத் தனியாக ஒரு தொகை என்று இரண்டு வரியாகவே எழுதட்டும். மற்றவர்கள் ஒவ்வொரு விற்பனையின்போதும் வாங்கியவரிடம் "முதலில் எங்கே பார்த்தீர்கள், எப்போது?" என்று கேட்டுக் குறித்துவைக்கலாம். ஒரு லைக்கும் போடாமல் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குறிப்பில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால், எந்தத் தளத்தில் நேரம் செலவிடுவது என்பதற்கு வேறு புள்ளிவிவரம் தேவைப்படாது.