எட்டுப் போர்ட் ‘ஸ்மார்ட்’ சுவிட்ச்: பெட்டி நன்று, விலான் மென்பொருள் அப்படியல்ல

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில், கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் எட்டுப் போர்ட் கிகாபிட் சுவிட்ச் கேட்டால், சாதாரண வகையையும், ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலான் (VLAN) வசதியுள்ள ‘ஸ்மார்ட்’ வகையையும் எடுத்து வைப்பார்கள். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாததால், வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்துக்கு ஸ்மார்ட் வகையையே வாங்கினோம். அலுவலகக் கணினிகள் ஒரு விலானிலும், வருகின்ற வாடிக்கையாளர்கள் பாவிக்கும் வைஃபை இன்னொரு விலானிலும் இருக்க வேண்டும் என்பதுதான் தேவை. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இந்த மதிப்பீட்டில் இல்லை. இதே விலைக்குக் கிடைக்கும் வேறு சில சுவிட்ச்களிலும் இதே குணங்களைக் காணலாம்.

வன்பொருளில் குறையில்லை. உலோக உறை, விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை, கோப்புகள் முழு வேகத்தில் நகர்கின்றன.

மென்பொருளில் முதலில் குழப்புவது, ஒரே காரியத்தை இரண்டு பக்கங்களில் செய்ய வேண்டியிருப்பது. விலான் தரநிலையான 802.1கியூவின் பக்கத்தில் ஒரு போர்ட்டை 20ஆம் விலானில் ‘அன்டேக்’ (தரவில் விலான் எண் குறிக்கப்படாத) உறுப்பினராகச் சேர்த்தால், அந்த விலானிலிருந்து போர்ட் வழியே வெளியே செல்லும் தரவுக்கு மட்டுமே அது பொருந்தும். உள்ளே வரும் தரவு எந்த விலானைச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது, ஒவ்வொரு போர்ட்டுக்கும் கொடுக்கும் விலான் எண்ணான பிவிஐடி (PVID). அது தனிப் பக்கத்தில், மாற்றும் வரை 1 என்றே இருக்கும். சிஸ்கோ போன்ற சுவிட்ச்களில் ஆக்சஸ் போர்ட்டுக்கு (ஒரே விலானைச் சேர்ந்த போர்ட்) ஒரே கட்டளை இவ்விரண்டையும் செய்துவிடுவதால், அங்கே பழகியவர்களுக்குக்கூட இந்தப் பிரிவு உடனே புலப்படாது. முரணான அமைப்பைக் கண்டு மென்பொருள் எச்சரிப்பதுமில்லை.

இரண்டாவது, 1ஆம் விலான். கடையிலிருந்து வந்த ஃபர்ம்வேரில் (சுவிட்சை இயக்கும் உள் மென்பொருள்) எந்தப் போர்ட்டையும் அதிலிருந்து நீக்க முடியவில்லை. அதனால் பிவிஐடியைச் சரியாக அமைத்த பின்னரும் 1ஆம் விலானில் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படும் பிராட்காஸ்ட் தரவு விருந்தினர் போர்ட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது. புதிய ஃபர்ம்வேர் இதைத் தீர்த்துவிட்டது. பெட்டியைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் புதுப்பித்தலே.

புதுப்பித்தலாலும் தீராத குறை ஒன்று உண்டு. என் பார்வையில் இந்தச் சாதனத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதும் அதுவே. சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தை ஒரு குறிப்பிட்ட விலானுக்கு மட்டும் உரியதாக்கும் அமைப்பு இதில் இல்லை. எல்லா விலான்களிலிருந்தும் வரும் கோரிக்கைக்கு அது பதிலளிக்கிறது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் ஒருவர் தன் கணினிக்கு அலுவலக வரிசையிலுள்ள ஓர் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தால் போதும், சுவிட்சின் உள்நுழைவுப் பக்கம் அவருக்குத் திறந்துவிடும். அதற்குப் பின் காவலாக இருப்பது கடவுச்சொல் ஒன்றுதான். அதுவும் மறைகுறியாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாகச் செல்கிறது. சுவிட்ச் தானாக முகவரி பெறும்படி விடப்பட்டிருந்தால், மீள இயங்கும்போது எந்த விலானின் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) முந்திப் பதிலளிக்கிறதோ அதிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்கிறது. நிலையான முகவரி கொடுப்பது இந்த இரண்டாவது தொல்லையைத் தீர்க்கும், முதலாவதைத் தீர்க்காது.

‘அப்ளை’ பொத்தானை அழுத்தினால் மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும், ஆனால் நினைவகத்தில் நிலைக்காது. அதற்குத் தனியாகச் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமிக்காமல் விட்டு மின்சாரம் போனால், திரும்பி வரும் சுவிட்ச் பழைய அமைப்பில்தான் இயங்கும். மின்வெட்டுக்குப் பழகிய ஊரில் இது சிறிய விடயமல்ல. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘1 முதல் 4094 வரை’ என்பதையும் சரியாக வாசிக்க வேண்டும். விலான் எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட 12 பிட்டில் 0, 4095 ஆகிய இரண்டும் போக எஞ்சும் எண்கள் அவை. ஒரே நேரத்தில் இந்தச் சுவிட்ச் தாங்குவது 32 விலான்களை மட்டுமே. சிறிய அலுவலகத்துக்கு அது தாராளம்.

விலையுயர்ந்த சாதனங்களும் விசித்திரங்கள் அற்றவை அல்ல. சிஸ்கோ கட்டலிஸ்ட் சுவிட்ச்களில் 1002 முதல் 1005 வரையான விலான்கள் டோக்கன் ரிங், எஃப்டிடிஐ என்ற பழைய வலையமைப்புகளுக்காக ஒதுக்கப்பட்டவை. அவற்றை நீக்க முடியாது. பல விலான்களின் தரவைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் ஒரு விலானைச் சேர்க்கும் கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், ஏற்கனவே அனுமதித்திருந்த விலான்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். ஆனால் அவை கையேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தச் சுவிட்சின் கையேடோ நிர்வாகப் பக்கம் எல்லா விலான்களுக்கும் திறந்திருப்பதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

வீட்டுக்கோ, எல்லோரும் தெரிந்தவர்களாக உள்ள அலுவலகத்துக்கோ இதைத் தயங்காமல் வாங்கலாம். அந்நியர்கள் இணையும் வைஃபை உள்ள இடத்துக்கு, நிர்வாக விலான் வசதியுள்ள அடுத்த தர மாதிரியே பொருத்தம். கடைக்காரரின் பதில் பெரும்பாலும் “எல்லாம் இருக்கு” என்பதாகவே இருக்கும்; எனவே பணம் செலுத்துமுன் அந்த மாதிரியின் கையேட்டைக் கைப்பேசியில் இறக்கி, நிர்வாக விலானுக்கான அமைப்பு அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.