தினமும் காலையில் 2133க்குத் திரும்பிய ராம்: ஒரு பி450 போர்டுடன் ஐந்து வருஷம்

2020 பொங்கலுக்கு முன்னால் அசெம்பிள் செய்த மெஷின். ஏஎம்டியின் ரைசன் 5 3600 புராசஸர், பி450 சிப்செட் மதர்போர்டு, 3200 வேக டிடிஆர்4 ராம் 8 ஜிபி இரண்டு. போர்டு எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் புலம்பலில் பாதி என் தப்பு, மீதி எந்தப் போர்டிலும் நடக்கக்கூடியதுதான்.

புராசஸர் ஓவர்கிளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 3600 தானாகவே ஒரு கோரில் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நான் ஆறு கோரையும் 4.1ல் பூட்டி 1.3 வோல்ட் கொடுத்தேன், வேகத்தை அளக்கும் சினிபெஞ்சில் மார்க் கொஞ்சம் ஏறியது, ஒற்றைக் கோர் வேலைகளில் முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஏசி இல்லாத மதுரை மாடி அறையில், மே மாதத்தில், புராசஸரோடு வந்த குட்டி கூலரை நம்பி, புராசஸரை முழுசாகப் பிழிகிற பிரைம்95 ஓட்டினால் 90 டிகிரியைத் தாண்டியது. இந்த புராசஸருக்கு 95தான் எல்லை. இரண்டே வாரத்தில் எல்லாவற்றையும் ஆட்டோவுக்கு மாற்றிவிட்டேன்.

உண்மையான ஆட்டம் ராமில்தான். ரைசனில் ராமின் கிளாக்கும் உள்ளே கோர்களை இணைக்கிற ஃபேப்ரிக்கின் கிளாக்கும் ஒன்றுக்கொன்று சமமாக ஓடினால் நல்லது, ராமின் உண்மையான கிளாக் அதன் வேக எண்ணில் பாதி என்பதால் 3600 வேக ராமுக்கு ஃபேப்ரிக் 1800. என் ராம் 3200 என்று விற்றதுதான், இருந்தாலும் ஆசை யாரை விட்டது. பயாஸில் (போர்டின் செட்டிங் பக்கம்) ராம் வேகத்தை 3600 வைத்து, 1.38 வோல்ட் கொடுத்து, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில் இருக்கிற நான்கு குட்டி எல்இடிகளில் டிராம் என்று எழுதியது மட்டும் மஞ்சளாக எரிந்தது. ஃபேன் சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது. போர்டு போச்சு என்று பயந்து பவரைப் பிடுங்கினேன்.

அதுதான் முதல் தப்பு. அது சாகவில்லை, ராமைப் பழக்கிக்கொண்டிருந்தது. புது வேகமோ டைமிங்கோ (ராம் ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் கால அளவுகள்) கொடுத்தால் போர்டு சிக்னலை மாற்றி மாற்றிப் பார்க்கும், சரிவராவிட்டால் தானே அணைந்து மறுபடி எழும், சில தடவை தோற்றதும் கைவிட்டு அடிப்படை வேகமான 2133க்குத் திரும்பித் திரையைக் கொடுக்கும். நாம் செய்யவேண்டியது இரண்டு மூன்று நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நடுவில் பவரைப் பிடுங்கினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. இது தெரியாமல் அன்று ராத்திரி ஐந்து தடவை பிடுங்கினேன்.

காத்திருந்தும் எழவில்லை என்றால் சீமாஸ் கிளியர்தான், அதாவது பயாஸ் செட்டிங்கை எல்லாம் அழிப்பது. என் போர்டில் அதற்கான இரண்டு பின்னும், மின்சாரம் இல்லாதபோது செட்டிங்கையும் கடிகாரத்தையும் காக்கிற பேட்டரியும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கின்றன. யார் வடிவமைத்தார்களோ, அவர்கள் ஒரு தடவைகூட ஓவர்கிளாக் செய்து பார்த்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கார்டைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் பின்னைத் தொட்டு, மறுபடி கார்டை மாட்டி... நாலாவது தடவையில் வெறுத்துப்போய், கேபினெட்டின் ரீசெட் பட்டனிலிருந்து வரும் ஒயரை அதன் இடத்திலிருந்து உருவி சீமாஸ் பின்னில் சொருகிவிட்டேன். அன்றிலிருந்து மெஷினை அணைத்து, பவர் கேபிளை உருவி, ரீசெட் பட்டனைப் பத்து வினாடி அமுக்கினால் வேலை முடிந்தது. ஐந்து வருஷத்தில் இந்த மெஷினுக்கு நான் செய்த உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அமுக்கக்கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் பட்டன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

ராம் 3600ல் ஒருவழியாக விண்டோஸ் வந்தது. நானும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஜிப் ஃபைல்கள் பிரிக்கும்போது பிழை காட்ட ஆரம்பித்தன, அதே ஃபைலை இரண்டாம் தடவை பிரித்தால் சரியாக வரும். ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டால் மூன்றாவது சுற்றில் சிவப்புக் கோடுகள். விண்டோஸ் வருகிறது என்பதற்காக ராம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 3466, ஃபேப்ரிக் 1733 என்று இறங்கி வந்தேன். அதுவும் ஜனவரி ராத்திரியில் சுத்தமாக ஓடியது, சித்திரை வெயிலில் பிழை காட்டியது, ராம் சூடாக ஆக டிஆர்எஃப்சி (ராம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கொடுக்கும் நேரம்) இறுக்கம் தாங்கவில்லை. அதைத் தளர்த்தியதும் அடங்கியது. அதனால் டெஸ்டை மதியம் ஓட்டுங்கள், ராத்திரியில் அல்ல.

அப்புறம் 2022 கடைசியில் ரைசன் 5 5600 வாங்கினேன். 2020 மே மாதம் ஏஎம்டி முதலில் பி450 உள்ள 400 வரிசை போர்டுகளுக்கு ஜென் 3 (5600 சேர்ந்த புராசஸர் தலைமுறை) கிடையாது என்று சொல்லி, ஆட்கள் கத்தியதில் அதே மாதமே பின்வாங்கியது நினைவிருக்கும், அந்தக் கூச்சலுக்கு நன்றி. பழைய 3600 புராசஸர் மாட்டியிருக்கும்போதே, யுபிஎஸ் மேல் வைத்து, எஃப்ஏடி32 பென்டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றினேன். ஏறியது. ஆனால் சேமித்துவைத்த ப்ரொஃபைல் அத்தனையும் காலி. டைமிங் இருபது முப்பது எண்ணை நினைவிலிருந்து எழுத முடியாது, செட்டிங் பக்கம் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டவர்கள் ரெக்கவரி கீயையும் எழுதிவைக்கவேண்டும், புராசஸரை மாற்றினால் அது கேட்கும்.

5600ல் கோருக்குக் கோர் வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசரை எல்லா கோருக்கும் மைனஸ் 25 போட்டேன். சினிபெஞ்ச் ஓடுகிறது, கேம் ஓடுகிறது, சும்மா பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் ரீஸ்டார்ட் ஆகிறது! வோல்டேஜ் குறைத்தவர்களுக்கு வரும் வழக்கமான தொல்லை இது, வேலை இல்லாத நேரத்தில் ஒரு கோர் மட்டும் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் பற்றாமல் விழும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா லாகர் 18 என்று ஹார்ட்வேர் பிழை இருந்தது, கீழே ஏபிஐசி ஐடி 6, அதாவது பிழை வந்த த்ரெட்டின் எண். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் இரண்டால் வகுத்தால் மூன்று, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் நம்பர் கோர். அதை மட்டும் மைனஸ் 10க்குக் கொண்டுவந்தேன். பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

2024ல்தான் பெரிய கூத்து. திடீரென்று காலையில் போட்டால் ராம் 2133ல் நிற்கிறது, கர்வ் போயிருக்கிறது. சரி, ராம் பழக்கம் தோற்று இறங்கியிருக்கிறது என்று முடிவுகட்டினேன், ஏனென்றால் நாலு வருஷமாகப் பார்த்த அறிகுறி அதேதான். வோல்டேஜ் ஏற்றினேன், டைமிங் தளர்த்தினேன், ராமோடு வந்த 3200 செட்டிங்கான எக்ஸ்எம்பிக்கே இறங்கினேன். பகலில் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒழுங்காக வருகிறது, மறுநாள் காலை 2133. ராம் குச்சிகளை இடம் மாற்றினேன். பயாஸை மறுபடி ஏற்றினேன். ஆறு வாரம் போனது.

ஒருநாள் நெட் இல்லாமல் மெஷினைப் போட்டபோதுதான் மூலையில் கடிகாரம் கண்ணில் பட்டது, வருஷமே தப்பு. மற்ற நாட்களில் விண்டோஸ் நெட்டிலிருந்து நேரத்தைத் திருத்திக்கொண்டதால் தெரியாமல் போயிருக்கிறது. கார்டைக் கழற்றி பேட்டரியை எடுத்து மல்டிமீட்டர் வைத்தால் 2.3 வோல்ட், புதுசுக்கு 3க்கு மேல் காட்டவேண்டும். சிஆர்2032, தெருமுனைக் கடையில் கிடைப்பது. மாற்றினேன், அன்றோடு நின்றது.

பகலில் ஏன் வரவில்லை என்றால், பிளக் சுவிட்ச் போட்டே இருந்தால் மெஷின் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டில் அம்மா படுக்கப்போகும்முன் எல்லா அறையிலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். நாலரை வருஷம், தினம் ஏழெட்டு மணி நேரம் அந்தப் பேட்டரிதான் தனியாகத் தாங்கியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன், “இடி இடிச்சா உன் பேட்டரியா காப்பாத்தும்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, டிராயரில் இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறேன்.