அளாப்பியா, கிளியா: விண்வெளி வியூக விளையாட்டுகளில் கொம்பியூட்டர் எதிரி

கோடு கீறி, ஒரு பக்கம் மறிக்க மறுபக்கம் தாண்டி ஓடும் கிளித்தட்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இரண்டு பேரை நன்றாகத் தெரியும். ஒருவன் அளாப்பி. அடி பட்டாலும் படவில்லை என்பான், கோட்டை மிதித்தாலும் மிதிக்கவில்லை என்பான். மற்றவன் கிளி. தட்டு மறிக்கிறவர்கள் தங்கள் குறுக்குக்கோட்டை விட்டு அசையக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டால் ஓடி வந்து அடிக்கலாம். மற்றவர்களைவிடக் கிளிக்கு உரிமை கூட. ஆனாலும் கிளியை அளாப்பி என்று யாரும் சொன்னதில்லை. அந்த உரிமை ஆட்டம் தொடங்க முதலே எல்லோருக்கும் தெரிந்தது.

விண்வெளி வியூக விளையாட்டு ஒன்றை வாங்கவோ இறக்கவோ முதல் நான் பார்ப்பது இதைத்தான். கடினத்தைக் கூட்டினால் எதிரியின் மூளை கூடுகிறதா, அல்லது அதன் களஞ்சியம், அதாவது கையிலுள்ள வளம், மட்டும் கூடுகிறதா? களஞ்சியம்தான் கூடுகிறது என்றால், அதை விளையாட்டு முன்கூட்டியே சொல்கிறதா?

கேள்வியைக் கிளப்பியது என் மருமகன், பதினான்கு வயது. போன மாரியில் நாலு நாள் விடாத மழை. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடமும் பூட்டு, சிக்னலும் ஒழுங்காக இல்லை. கிளிநொச்சி வீட்டில் என் பழைய லப்டொப்பும் அவனும் நானும்தான். ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக விளையாட்டைத் திறந்து, பெயர் பிடித்துப்போய்க் கடினத்தின் கடைசி நிலையான கிராண்ட் அட்மிரலை அழுத்திவிட்டான். ஆட்டம் 2200ஆம் ஆண்டில் தொடங்கும். முப்பது ஆண்டு ஓடவில்லை, பக்கத்துப் பேரரசின் கப்பல்கள் வந்து நின்றன. எங்கள் படைபலம் இரண்டாயிரத்துச் சொச்சம், அவர்களுடையது ஆறாயிரத்துக்கு மேல்.

"மாமா, அவனும் நாங்களும் ஒண்டாத்தானே தொடங்கினனாங்கள்? இவன் அளாப்புறான்."

அவன் சொன்னது முழுக்கப் பிழையில்லை. 2016இல் வந்த ஸ்டெல்லாரிஸில் கடினம் ஏழு படி: சிவிலியன், கேடற், என்சைன், கப்டன், கொமடோர், அட்மிரல், கிராண்ட் அட்மிரல். என்சைனில் இரு பக்கமும் சமம். அதற்கு மேலே ஏற ஏற எதிரிக்கு விளைச்சல் கூடும், படை வைத்திருக்கும் கொள்ளளவும் கூடும். எதிரி யோசிக்கும் விதம் மட்டும் மாறாது. பக்கத்து வயல்காரன் என்னைப்போலவே விதைத்து, என்னைப்போலவே தண்ணீர் கட்டி, நான் ஒரு மூடை எடுக்கும் இடத்தில் ஒன்றரை மூடை எடுப்பதுபோல. அவன் கெட்டிக்காரன் அல்ல, அவனுடைய மண்ணுக்கு யாரோ வரம் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. தொடக்கத்தில் அந்த எதிரி மலைபோல் தெரியும். முதல் ஐம்பது அறுபது ஆண்டைத் தாக்குப்பிடித்துவிட்டால் பிறகு அது சாதாரண ஆள்தான். கிடைத்த வளத்தை நாங்கள் அதைவிடத் திறமாகச் செலவழிப்போம். பிற்பாதி சப்பென்று போய்விடும். இதற்கு விளையாட்டுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. கடினம் காலத்தோடு வளரும்படி ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் எதிரி சமமாகத் தொடங்கி, சலுகை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். என் கருத்தில் ஸ்டெல்லாரிஸை ஆட ஒழுங்கான வழி இதுதான். நேரே கிராண்ட் அட்மிரலில் குதிப்பவர் படிப்பதெல்லாம் முதல் முப்பது ஆண்டு எப்படி ஒளிந்திருப்பது என்பதை மட்டும்.

ஆனால் ஸ்டெல்லாரிஸை அளாப்பி என்று முத்திரை குத்தி ஒதுக்க எனக்கு மனமில்லை. அதன் பலம் எதிரிகளின் குணத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பேரரசும் தன் கொள்கைக்கேற்ற குணத்தோடு நடக்கும். ஒன்று எல்லோரையும் அழிக்கவே பிறந்தது, அதனுடன் பேச்சே எடுபடாது. இன்னொன்று கூட்டணி கட்ட அலையும். வேறொன்று வியாபாரத்தைத் தவிர எதையும் பார்க்காது. தூதுப் பலகையைத் திறந்தால் அந்தக் குணம் எழுதியே இருக்கும். மருமகன் அதை வாசிக்கவேயில்லை. பக்கத்தில் இருப்பது எந்த வகை என்று பார்த்திருந்தால் எல்லையில் முதலே கோட்டை கட்டியிருக்கலாம். எதிரிகளின் மூர்க்கத்தைக் கூட்டிக் குறைக்கவும் தனித் தெரிவு உண்டு. கடினத்தைவிட அதைத் தொட்டால்தான் ஆட்டத்தின் போக்கு மாறுவதைக் கண்டிருக்கிறேன். ஆட்டக் கடைசியில் வரும் பேரிடரின் பலத்தைக்கூட 25 மடங்குவரை ஏற்றலாம். அது முழுக்கக் கிளி: பொதுவிதிக்கு வெளியே நிற்பது, அப்படித்தான் என்று முதலே சொல்லிவிட்டு வருவது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஃப்ரீஓரியன். காசில்லை, திறந்த மூலம், ஒரு ஜி.பி.கூட இல்லை, டேற்றா போட்டு இறக்குகிறவர்களுக்கு இதுவே பெரிய விசயம். இதில் கொம்பியூட்டர் எதிரி தனி நிரலாக ஓடி, இன்னொரு ஆட்டக்காரன் வந்து சேர்வதுபோல் ஆட்டத்தில் சேருகிறது. கடின நிலைக்கு இங்கே மூர்க்கம் என்றுதான் பெயர். தொடக்கம், ஆமை, எச்சரிக்கை என்று ஏறி மேனியாக்கல்வரை போகும். கூடுவது களஞ்சியம் அல்ல, நடத்தை. கீழ்ப்படியில் அது மெதுவாகப் பரவும், சண்டைக்குத் தயங்கும். மேற்படியில் கிடைத்த கோளையெல்லாம் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரும்.

இன்னொரு அருமை, அந்த மூளையைத் திறந்து வாசிக்கலாம். முழுவதும் பைத்தன் என்ற நிரல் மொழியில் எழுதியது. குடியேற்றத்துக்கு ஒரு கோப்பு, படையெடுப்புக்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று, தூதுக்கு ஒன்று. அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கியபோது தூதுக் கோப்பைத் திறந்து காட்டினாள். தொடக்க நிலை எதிரிக்கு எல்லோர்மீதும் நல்லெண்ணம் என்று எழுதியிருக்கிறது, சமாதானம் கேட்டால் இணங்கும். மேனியாக்கலுக்கு எல்லோர்மீதும் வெறுப்பு, எத்தனை முறை கேட்டாலும் இணங்காது. ஒரு முழுப் பின்னேரம் மேனியாக்கலுக்குச் சமாதானத் தூது அனுப்பிக்கொண்டிருந்த மருமகன் அந்த ஒற்றை வரியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். தோற்றதற்குக் காரணம் எழுத்தில் கிடைப்பது வேறு எந்த விளையாட்டிலும் அவனுக்கு நடந்ததில்லை.

குறையும் உண்டு. ஸ்டெல்லாரிஸ் காட்டுவதுபோல் கோபமோ நட்போ உள்ள முகம் இதில் இல்லை. திரையும் வறண்டது, முதல் இரண்டு நாள் எதை அழுத்துவது என்றே பிடிபடாது. கதை கேட்க விரும்பும் பிள்ளைக்கு இது சரிவராது. கணக்குப் பிடிக்கும் பிள்ளையிடம் தயங்காமல் கொடுப்பேன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 2006இல் வந்த கலக்ரிக் சிவிலைசேஷன்ஸ் 2. அதில் பலர் சேர்ந்து ஆடும் வசதியே இல்லை, உழைப்பெல்லாம் கொம்பியூட்டர் எதிரியில்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாகப் புத்தி அளவு வைக்கலாம்: ஒருவன் மந்தம், ஒருவன் சாதாரணம், ஒருவன் மேதை. கீழ்நிலைகளில் சில யோசனை முறைகளை அணைத்து வைத்திருப்பார்கள். ஏற ஏற அவை திறக்கும். எல்லாம் திறந்த பிறகுதான் பொருளாதாரச் சலுகை தொடங்கும். எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். முதலில் புத்தி, அது தீர்ந்த பிறகே காசு. எல்லையில் கப்பல்களைச் சேர்த்தால், கண்டுவிட்டேன் என்று எதிரி செய்தி அனுப்பும். முதல் தடவை அதை வாசித்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். வயதானாலும் இன்றும் ஆடலாம், பழைய லப்டொப்பும் தாங்கும்.

1993இன் மாஸ்டர் ஒஃப் ஓரியன் இந்தப் பரம்பரைக்கே தாத்தா. எதிரிகளுக்குக் குணமும் இலக்கும் கொடுத்து நடத்திக் காட்டிய பெருமை அதற்கு உண்டு. மேல்நிலைகளில் எதிரிக்கு உற்பத்திச் சலுகையும் உண்டு. வரலாறு தெரிய ஆடிப் பார்க்கலாம்.

ஸ்டார்கிராஃப்ற் 2 ஓட்டமான ஆட்டம், ஆற அமர யோசிக்க விடாது. இந்த அலசலில் அதற்கு இடம் கொடுப்பது அதன் நேர்மைக்காக. சலுகை எதுவும் இல்லாத எதிரிகளில் உச்சம் எலீற். அதற்கு மேல் மூன்று படிக்கும் பெயரே சீற்றர், நம்முடைய பேச்சில் அளாப்பி. முதல் அளாப்பி வரைபடம் முழுவதையும் பார்க்கும், இரண்டாவதற்கு வளமும் கூட, மூன்றாவது உச்சக்கட்டம். ஏமாற்றுகிறேன் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறவனோடு ஆடத் தோற்றாலும் மனம் நோகாது. இதே விளையாட்டில்தான் டீப்மைண்ட் நிறுவனத்தின் அல்பாஸ்ரார் என்ற செயற்கை அறிவு நிரல் இரண்டு தொழில்முறை வீரர்களை 5-0, 5-0 என்று வென்றதை 2019 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்த நிரல் தன் படை காணும் இடமெல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தது. மனிதன் திரையை நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். மனிதனைப்போல் திரையை நகர்த்தும்படி கட்டுப்படுத்திய பதிப்பு, நேரலையில் அதே வீரர் ஒருவரிடம் தோற்றது. கண்ணும் ஒரு களஞ்சியம்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

எனக்கு மிக நெருக்கமானது ஏஐ வோர். 2009இல் ஆர்சன் கேம்ஸ் வெளியிட்டது. சமம் என்ற பேச்சையே இது எடுக்கவில்லை. வழமையான அமைப்பில் எண்பது கோள், எங்களுக்கு ஒன்று, மிச்சமெல்லாம் இரண்டு கொம்பியூட்டர் எதிரிகளிடம். எதிரி எங்களைப்போல் சுரங்கம் தோண்டுவதில்லை, பொருளாதாரமும் கட்டுவதில்லை. எங்களை எவ்வளவு ஆபத்தாக நினைக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்கேற்பப் படை அனுப்பும். அந்த எண் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே திரையில் நிற்கும். ஒரு கோளைப் பிடித்தால் 20 கூடும். சில தரவு நிலையங்களை உடைத்தால் 20 குறையும். படையலை வரப்போகிறது என்றால் முன்னறிவிப்பும் வரும். கடினம் ஒன்றிலிருந்து பத்துவரை. ஏழில் எதிரி தன் தந்திரமெல்லாவற்றையும் எடுக்கும், பத்து வெல்வதற்காக வைத்ததே இல்லை.

காட்டில் தேன் எடுக்கிறவர்களோடு ஒருமுறை ஒட்டுசுட்டான் பக்கம் போயிருக்கிறேன். கூட்டை முழுதாகக் கலைக்கமாட்டார்கள், புகை பிடித்துத் தேவையான வதையை மட்டும் வெட்டிக்கொண்டு இறங்குவார்கள். இந்த விளையாட்டை ஆடுவதும் அப்படித்தான். இங்கே கொம்பியூட்டர் கிளி. அதற்குள்ள உரிமை முழுக்கத் தெரியும், எங்கே ஓடும் எங்கே ஓடாது என்பதும் தெரியும், அதற்கேற்ற ஓட்டம் ஓடலாம்.

நாலாம் நாள் பின்னேரம் மழை விட்டது. மருமகன் ஏஐ வோரில் கடினத்தை ஐந்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். கடைசி நிலையைத் தேடவில்லை. எனக்கு ஒரு கோள் கண்ணில் பட்டது, காவல் குறைவு, வளமும் பரவாயில்லை. படையை அங்கே அனுப்பச் சுட்டியைப் பிடித்தேன். அவன் என் கையை மெல்லத் தள்ளிவிட்டான்.

"அதைத் தொடாதேங்கோ மாமா, இருபது கூடும்."